விங்கைக் கடலில் விட்டுவிட்டு அலை ஏற டிரிஃப்ட் ஆங்கர், யாராவது பயன்படுத்துகிறீர்களா?

தேவனாம்பட்டினம்_ஃபாயில்:

வணக்கம். கடலூர் சில்வர் பீச்சில் இரண்டு வருடமாக விங்ஃபாயில் ஓட்டுகிறேன் (காற்றடித்த துணி இறக்கையான விங்கைக் கையில் பிடித்து, அடியில் ஃபாயில் என்ற நீர்இறக்கை உள்ள போர்டில் தண்ணீருக்கு மேலே எழும்பிப் போவது). எடை 68 கிலோ, போர்டு 95 லிட்டர், விங் 5 சதுர மீட்டர், மாஸ்ட் (போர்டையும் ஃபாயிலையும் இணைக்கும் தண்டு) 80 செ.மீ. இப்போது அலை பிடித்ததும் விங்கை முன்பிடியில் ஒரு கையால் பிடித்துக் கொடிபோலப் பின்னால் பறக்கவிட்டு இறங்குகிறேன், அது நன்றாகவே வருகிறது. ஆனால் திருப்பத்தில் எல்லாம் அந்தக் கை இழுபடுகிறது, இடது பக்கம் சாய்ந்தால் விங் நுனி தண்ணீரைத் தொட்டுவிடுகிறது, அலையை முழுசாக உணரவே முடியவில்லை. இரண்டு கையும் சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரே ஆசை.

வெளிநாட்டில் சிலர் இடுப்புப் பையில் ஒரு துணிக் கூம்பை மடித்து வைத்திருக்கிறார்கள். அலை உடைகிற இடத்துக்கு வெளியே போனதும் அதை எடுத்துத் தண்ணீரில் போட்டு, விங் லீஷை (விங்கைக் கையோடு கட்டும் கயிறு) மணிக்கட்டிலிருந்து கழற்றி அதில் மாட்டிவிட்டு, வெறும் போர்டில் அலை அலையாகப் பம்ப் செய்து (காலால் போர்டை அழுத்தி அழுத்தி ஃபாயிலை ஓடவைத்து) சுற்றிவிட்டு வந்து விங்கை எடுத்துக்கொள்கிறார்கள். கயாக்கில் மீன் பிடிப்பவர்கள் போடுகிற அதே டிரிஃப்ட் ஆங்கர்தான். நம் கடலில் இது சரிப்படுமா? எந்த அளவு கூம்பு வாங்கவேண்டும்? நான் பம்ப் செய்தால் தட்டைத் தண்ணீரில் நாற்பது நொடி தாங்குவேன், அதற்கு மேல் கால் செத்துவிடும். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

தந்திராயன்குப்பம்_அலை:

தம்பி, நான் இரண்டு சீசனாகச் செய்கிறேன். செய்யலாம், ஆனால் எல்லா நாளும் செய்யக்கூடாது. முதலில் மனதில் நன்றாகப் பதியவேண்டியது ஒன்று: பெயரில்தான் ஆங்கர் இருக்கிறது, அது தரையைப் பிடிக்காது. தண்ணீரைத்தான் பிடிக்கிறது. தண்ணீர் நகர்ந்தால் அதுவும் நகரும், காற்று இழுத்தால் மெதுவாக அதன் பின்னாலும் போகும். விட்ட இடத்திலேயே விங் காத்திருக்கும் என்று நினைத்துப் போனால் திரும்பி வந்து காலி கடலைத்தான் பார்ப்பாய்.

அதனால் காற்று எந்தத் திசை என்பதுதான் முதல் கேள்வி, கூம்பு அளவெல்லாம் அப்புறம். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கே இருந்து கரைக்காற்று அடிக்கும். கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அலை அழகாக நிமிர்ந்து நிற்கும், பார்த்தாலே விங்கைத் தூக்கிப்போட்டுவிட்டு ஏறலாம் என்று தோன்றும். அன்றைக்குத்தான் விடவே கூடாது. நீ அலையில் கரைப்பக்கம் வருவாய், விங் வங்காள விரிகுடாவுக்குள் போகும். ஒவ்வொரு அலைக்கும் உங்கள் இருவருக்கும் நடுவில் தூரம் கூடிக்கொண்டே போகும். மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல் காற்று திரும்பித் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும்பும் அல்லவா, அப்போதுதான் இந்த வேலை. அலையும் காற்றும் ஏறக்குறைய ஒரே பக்கமிருந்து வருவதால் நீயும் விங்கும் கரையை நோக்கியே வருவீர்கள். நீ முன்னால், அது பின்னால் மெதுவாக. மோசமான நாளிலும் இரண்டும் கரையில்தான் ஒதுங்கும்.

செய்முறை சொல்கிறேன். அலை உடையும் இடத்துக்கு நன்றாக வெளியே, நீ ஓட்டப்போகிற பகுதியின் தெற்குக் கோடியில் போய் நிற்க வேண்டும், ஏனென்றால் விங் வடமேற்காக நகரும், நடுவில் விட்டால் சீக்கிரமே தாண்டிப் போய்விடும். போர்டில் உட்கார்ந்துகொள், நின்றுகொண்டே செய்ய ஆரம்பத்தில் முயலாதே. விங்கை முன்பிடியில் பிடித்துக் காற்றில் சும்மா ஆடவிடு. மற்ற கையால் கூம்பை எடுத்துக் காற்று வருகிற பக்கமாக எறி, காற்று போகிற பக்கம் எறிந்தால் கயிறு உன் போர்டுக்கு அடியில் வந்து மாஸ்டில் சுற்றும். கூம்பின் வாய் நனைந்து, விரிந்து, கயிறு வெடுக்கென்று விறைப்பாகும் வரை பொறு. அந்த வெடுக்கைக் கையில் உணர்ந்த பிறகுதான் லீஷை மணிக்கட்டிலிருந்து எடுத்துக் கூம்புக் கயிற்றின் கொக்கியில் மாட்டவேண்டும். லீஷ் விங்கின் முன்விளிம்பு நடுவில் கட்டியிருப்பதால் விங் தானாகக் காற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தண்ணீரில் படுத்துக்கொள்ளும். அடிக்கடி படபடவென்று ஒருமுறை எழும்பித் திரும்பவும் படுக்கும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அது புரளும்போது கயிறு முறுக்கிக்கொள்ளாமலிருக்க நடுவில் ஒரு சுவிவல் (சுழலும் இணைப்பு) இருக்கவேண்டும். தூண்டில் கடையில் பெரிய சைஸ் துருப்பிடிக்காத எஃகில் கேட்டு வாங்கு.

திரும்ப எடுப்பதுதான் உண்மையில் கஷ்டமான பகுதி, யாரும் இதைச் சரியாகச் சொல்வதில்லை. கயிறு விங்கிலிருந்து காற்று வரும் பக்கமாகத் தண்ணீருக்குள் சாய்வாக இறங்கியிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீ அந்தப் பக்கமாகக் குறுக்கே பறந்தால் 80 செ.மீ. மாஸ்ட் நேராகக் கயிற்றில் போய்ச் சிக்கும், போர்டு அப்படியே நிற்கும், நீ முன்னால் போய் விழுவாய், ஃபாயில் இறக்கை எங்கே இருக்கும் என்று சொல்லமுடியாது. எனக்கு முட்டிக்குக் கீழே நான்கு தையல் அப்படித்தான் விழுந்தது. எப்போதும் காற்று போகும் பக்கமிருந்து, விங்கின் பின்விளிம்புப் பக்கமாக மெதுவாக வந்து, பத்து பன்னிரண்டு அடி முன்பே ஃபாயிலை இறக்கிப் போர்டில் படுத்துக் கையால் துடுப்புப் போட்டுப் போய் விங்கைத் தொடு. கயிற்றைத் தொடாதே. விங்கின் முன்பிடி கைக்கு வந்து, லீஷ் மணிக்கட்டுக்கு வந்த பிறகுதான் கூம்பைக் கழற்றவேண்டும். இந்த வரிசை மாறினால் விங் போய்விடும்.

உன் நாற்பது நொடி பம்ப் ஒரு அலைக்குப் போதும், திரும்ப வெளியே வரப் போதாது. விங்கை விடாமலே இன்னும் ஒரு மாதம் பம்ப் பழகு. தவிர, 68 கிலோவுக்கு 95 லிட்டர் என்பதால் படுத்துத் துடுப்புப் போடலாம், அது நல்லது. உடம்பு எடையைவிடக் குறைந்த லிட்டர் போர்டு வைத்திருப்பவர்கள், ஏறி நின்றால் முழுகிப்போகிற போர்டு, தயவுசெய்து விங்கை விடவேண்டாம். விங் இல்லாமல் அதில் கரை வந்து சேர்வது பெரும்பாடு.

வரைபலகை:

மேலே அண்ணன் சொன்னதற்கு எண் போட்டுப் பார்த்தேன், அளவு விஷயத்தில் உதவும். என்னுடைய 5 மீட்டர் விங்கைச் சுமார் 15 நாட் (மணிக்கு 28 கி.மீ.) காற்றில் மீன் தராசில் மாட்டிக் கொடிபோல விட்டுப் பார்த்தபோது முள் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது, சராசரி மூன்று கிலோ என்று வையுங்கள். தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால்தான் ஒரு சின்னக் கூம்பு அவ்வளவு பெரிய துணியைப் பிடித்து நிறுத்துகிறது. 50 செ.மீ. வாய் உள்ள கூம்பு மூன்று கிலோ இழுப்பைத் தாங்கவேண்டுமானால் தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நகரவேண்டும். பத்து நிமிடத்தில் முந்நூறு மீட்டர். 30 செ.மீ. கூம்பு என்றால் அதே பத்து நிமிடத்தில் ஐந்நூறு மீட்டர் போய்விடும். வாய் அகலம் இரண்டு மடங்கானால் வேகம் பாதியாகும், ஆனால் பையில் அடைப்பதும் தண்ணீரிலிருந்து இழுப்பதும் அந்த அளவுக்குக் கஷ்டமாகும். 50 முதல் 60 செ.மீ. நடுத்தரமானது என்பது என் கருத்து.

இதில் நீரோட்டம் சேரவில்லை. அரை நாட் ஓட்டம் இருந்தாலே பத்து நிமிடத்துக்கு நூற்றைம்பது மீட்டர் தனியாகக் கூட்டவேண்டும், எவ்வளவு பெரிய கூம்பு போட்டாலும் அதைக் குறைக்கமுடியாது. இந்தக் கரையில் கோடைமழைக்கு முன்பிருந்தே ஓட்டம் பெரும்பாலும் வடக்கே போகிறது, ஐப்பசி கார்த்திகையில் தெற்கே திரும்பிவிடும். புதுச்சேரித் துறைமுகத்துக்கு அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கல் கொட்டிய பிறகு, மணல் தெற்கே தேங்கி வடக்கே நகரத்துக் கடற்கரை காணாமல் போனதும் வருடத்தில் பெரும்பகுதி அலை மணலை வடக்கே தள்ளுவதால்தான். அதே தள்ளல் உங்கள் விங்குக்கும் உண்டு. போர்டில் சும்மா உட்கார்ந்து, கரையில் ஒரு தென்னையையும் பின்னால் ஒரு கட்டடத்தையும் ஒரே கோட்டில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள், ஓட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சோனாங்குப்பம்:

எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், நான் மட்டும் கரையில் வேலை. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் உடனே சொன்னது, “வழிவலை விட்டா படகு வலையோடதானே போகுது, அதேதான்” என்று. ராத்திரி வழிவலை விட்டுவிட்டு இன்ஜினை நிறுத்திப் படுப்பார்கள், அந்த வலைதான் படகின் முகத்தைக் காற்றுக்குத் திருப்பிப் பிடித்திருக்கும், விடியும்போது படகு நாலைந்து மைல் தள்ளி நிற்கும். யாரும் அதை நின்ற இடம் என்று நினைப்பதில்லை, எங்கே விட்டோம், நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம், இப்போது எங்கே இருப்போம் என்று கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்பா கேட்ட இன்னொன்று, ஆளில்லாமல் கிடக்கிற துணியைப் பார்த்தால் படகுக்காரன் என்ன நினைப்பான்? தேவனாம்பட்டினத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் மதியம் ஃபைபர் படகுகள் கரை திரும்புகிற நேரம்தான் நீங்கள் சொல்கிற கடல்காற்று நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கடல் காலி என்று நினைக்காதீர்கள், விசைப்படகுகளுக்குத்தான் தடை, ஃபைபர் படகு போய்க்கொண்டுதான் இருக்கும். தண்ணீரில் ஒரு விங் மட்டும் கிடந்தால் ஆள் முழுகிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றும். வலையை விட்டுவிட்டுத் தேட ஆரம்பிப்பார்கள், ஒரு நாள் பிழைப்பு போகும். எடுத்துக்கொண்டுபோய்க் கரையில் கொடுத்துவிடவும் செய்வார்கள், நல்ல எண்ணத்தில்தான், ஆனால் நீங்கள் அலையிலிருந்து திரும்பி வரும்போது விங் இருக்காது. கயிறு இன்ஜின் இறக்கையில் சுற்றினால் நஷ்டம் அவர்களுக்கு.

அதனால் முதலில் கரையில் போய் ஊர்ப் பெரியவரான நாட்டாரிடமும், வழக்கமாக அந்தப் பக்கம் போகிற படகுக்காரர்களிடமும் நேரில் பேசுங்கள். இப்படித் துணி கிடந்தால் பக்கத்தில் நான் இருப்பேன், கையை ஆட்டுகிறேனா பாருங்கள் என்று சொல்லிவையுங்கள். விங்கில் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் பெரிதாக எழுதுங்கள். கயிறு மூன்று மீட்டருக்கு மேல் வேண்டாம், கூம்பின் வால் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன மிதவை கட்டுங்கள். மிதவை இருந்தால் இங்கே வலையோ கயிறோ இருக்கிறது என்று எந்தப் படகுக்காரனுக்கும் புரியும், சுற்றிக்கொண்டு போவான். வலை விட்டிருக்கும் பக்கம் போகவே வேண்டாம்.

தேவனாம்பட்டினம்_ஃபாயில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணா, அந்தக் கயிறு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நான் நேராகக் கூம்பைப் பிடித்து இழுத்து எடுப்பதாக நினைத்திருந்தேன். சோனாங்குப்பம் நண்பரே, அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள், இந்த வாரமே போய்ப் பேசுகிறேன்.

ஒரு சந்தேகம். அடியில் மணல்தானே, மடக்கு நங்கூரம் ஒரு கிலோ எடையில் கிடைக்கிறது, அதைத் தரையில் போட்டு விங்கை நிலையாகவே கட்டினால் என்ன?

முகத்துவாரம்:

இதற்கு நான் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் செய்து இழந்தவன். வீராம்பட்டினத்துக்குத் தெற்கே, சுண்ணாம்பாறு கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் வெளியே, மூன்று பாகம் (சுமார் ஐந்தரை மீட்டர்) ஆழத்தில் மடக்கு நங்கூரம் போட்டேன். தரை நங்கூரம் பிடிக்கவேண்டும் என்றால் ஆழத்தைப் போல மூன்று மடங்காவது கயிறு விடவேண்டும், இல்லையென்றால் அது படுக்காமல் நட்டுக்கொண்டு மணலைக் கீறிக்கொண்டே வரும். அந்தக் கணக்கில் பதினைந்து மீட்டருக்கு மேல் கயிறு, அத்தனையும் இடுப்பில் சுமந்துகொண்டு ஓட்டவேண்டும், தண்ணீரில் விட்டபிறகு அந்த நீளம் முழுவதும் ஃபாயிலுக்கு வலை. அதைவிடப் பெரிய சிக்கல், டிரிஃப்ட் ஆங்கர் அலையோடு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், தரை நங்கூரம் விட்டுக்கொடுக்காது. பெரிய அலை ஒன்று விங்கைத் தூக்கியபோது கயிறு சட்டென்று இழுத்து லீஷ் கட்டியிருந்த வளையம் துணியோடு பிய்ந்து வந்துவிட்டது. நான் அறுபது மீட்டர் தள்ளி அலையில் இருந்தேன், விங் சக்கரம் மாதிரி உருண்டு கரைப்பக்கம் போனதை மட்டும்தான் பார்க்கமுடிந்தது. கடல்காற்று நாள் என்பதால் கரையில் கிடைத்தது, முள்ளில் ஏறி இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

அன்றைக்குக் காலைக்காற்றாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்த பிறகு நான் சில விஷயங்களை மாற்றவே மாட்டேன். போர்டு லீஷ் எப்போதும் காலில் அல்லது இடுப்பில், விங்கை விடுகிற நாளில் இன்னும் முக்கியம், ஏனென்றால் போர்டு ஒன்றுதான் அப்போது மிதவை. மிதவைச் சட்டை இல்லாமல் போவதில்லை. நீர் புகாத பையில் போன், அதில் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093 இரண்டும் பதிந்திருக்கும். கரையில் ஒரு ஆள் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், விங்கை அல்ல, என்னை. தனியாகப் போன நாளில் விங் மணிக்கட்டிலேயே இருக்கும்.

இரண்டு கையும் சும்மா இருக்கவேண்டும் என்பதுதான் ஆசை என்றால் பாராவிங்கையும் யோசித்துப் பாருங்கள். குடைத்துணி மாதிரி ஒற்றைத் துணி, காற்றடிக்கும் குழாய் கிடையாது, அலை ஏறியதும் கயிறுகளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். 2024 முதல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. விட்டுவிட்டுத் தேடவேண்டிய வேலையே இல்லை. ஆனால் ஈரமான பிறகு மறுபடி விரிப்பது தனிக்கலை, விலையும் அதிகம். கையில் விங் இருக்கும்போது ஐந்நூறு, ஆயிரம் ரூபாயில் ஒரு கூம்பு தைத்துப் பார்ப்பது நியாயம்தான்.

தேவனாம்பட்டினம்_ஃபாயில்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கடலூர் முதுநகரில் தார்ப்பாய் தைப்பவரிடம் சொல்லி 55 செ.மீ. வாய்க் கூம்பு தைத்தேன். வாயில் நான்கு பட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து சுவிவலில் முடிகிறது, வால் பக்கம் கை விரல் நுழைகிற அளவு ஓட்டை, அங்கே ஒரு ஆரஞ்சு மிதவை. வாயின் ஒரு பக்கம் மட்டும் வலையில் போடுகிற ஈயக்குண்டு இரண்டு கோர்த்தேன், அது இல்லாமல் முதல் தடவை போட்டபோது கூம்பு தண்ணீரின் மேலேயே தட்டையாக இழுபட்டுக்கொண்டு வந்தது, வாய் திறக்கவே இல்லை.

நேற்று இரண்டரை மணிக்கு, தென்கிழக்குக் காற்று நன்றாக நிலைத்த பிறகு, அலை ஏறாமல் சோதனை மட்டும் செய்தேன். விங்கை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே போர்டில் துடுப்புப் போட்டுக் கூடவே போனேன். பத்து நிமிடத்தில் கைக்கடிகாரத்தில் பார்த்தால் 310 மீட்டர், நேராகத் தாழங்குடா பக்கம் வடமேற்கே. வரைபலகை சொன்ன காற்றின் கணக்கும் ஓட்டமும் சேர்ந்தது என்று நினைக்கிறேன். விங் ஏழு தடவை எழும்பிப் புரண்டது, எண்ணினேன், கயிறு முறுக்கவில்லை. பின்விளிம்புப் பக்கமாக வந்து எடுப்பது மூன்று முறையும் சரியாக வந்தது. மூன்றாவது முறை எடுக்கும்போது தண்ணீருக்குள் தலையை விட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தேன், கலங்கலில் ஒரு முழம் தாண்டிக் கயிறு தெரியவே இல்லை. அண்ணன் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று அப்போது புரிந்தது.

நடுவில் ஒரு ஃபைபர் படகு வேகத்தைக் குறைத்து அருகில் வந்தது. முந்தின நாள் பேசியிருந்தவர்தான். “உன்னுதா?” என்று கேட்டார், ஆமாம் என்று கையைத் தூக்கினேன், மிதவையைச் சுற்றிக்கொண்டு போனார்.

பம்ப் இப்போது ஐம்பத்தைந்து நொடி. ஒன்றரை நிமிடம் வந்தபிறகுதான் உண்மையாக விட்டுவிட்டு அலை ஏறுவேன்.

தந்திராயன்குப்பம்_அலை:

சரியாகச் செய்திருக்கிறாய் தம்பி. ஈயக்குண்டு கோர்த்தது நல்ல யோசனை, என்னுடையதிலும் கோர்க்கப்போகிறேன். கொக்கியை மட்டும் ஒருமுறை பார்த்துவிடு, ஈரக் கையில், கட்டைவிரலால் மட்டும் திறக்க வருகிறதா என்று. வராவிட்டால் மாற்று. ஒன்றரை நிமிடம் வந்ததும் சொல், முதல் நாள் நான் தேவனாம்பட்டினம் வந்து கரையில் நிற்கிறேன்.